மூன்றாவது தவணை

சொட்டு மருந்து குடித்துவிட்டு வீறிட்ட அக்கா மகளை, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினான் சகாதேவன்.

"ஒரு நிமிஷம் வச்சிக்கோங்க... அட்டைய உள்ளயே விட்டுட்டேன்."

அவள் சட்டென்று நான்கடி பின்வாங்கினாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு பெரிய கண்கள்... அவற்றில் பயம்.

அவனுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. புதன்கிழமை ஊசிக்கு வந்தால் யார் குழந்தையையும் யாரும் தூக்கிக்கொள்வார்கள். வேங்கிக்கால் சுகாதார நிலையத்தில் அதுதான் வழக்கம்.

"உங்க குழந்தைய மட்டும்தான் தூக்குவீங்களா? எங்க அது?"

"நான்தாங்க அந்தக் குழந்தை."

அவள் பெயர் தென்றல், இருபத்தாறு வயது. ரத்தப் புற்றுநோய். தம்பி தந்த ஸ்டெம் செல்லை ஏற்றி எட்டு மாதம் ஆகிறது.

"பழைய எதிர்ப்பு சக்தியெல்லாம் போயிடுச்சு. சின்ன வயசுல போட்ட ஊசியெல்லாம் மறுபடி போடறாங்க. சொட்டு மருந்துல உயிரோட கிருமி இருக்காம், அத குடிச்ச குழந்தைகிட்ட நெருங்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்... போதுமா?"

"ஐயோ, பாவம்..."

"அத மட்டும் சொல்லாதீங்க. ஜாஸ்தி கேட்டாச்சு."

கொட்டும் மழையில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவளுக்கு இரண்டாவது தவணை. குழந்தைக்கும் அன்றுதான். ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார வேண்டுமே! ஜன்னலோர பெஞ்சை அவளுக்கு விட்டு, நான்கடி தள்ளி உட்கார்ந்தான்.

"இவ ஊருக்கே கேக்குற மாதிரி அழுதா. நீங்க?"

"உள்ளுக்குள்ள..."

"பரவால்ல, இவளுக்கு நீங்க சீனியர்."

சிரித்துவிட்டாள். இத்தனை மாதத்தில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை... அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று. பயமாகவும் இருந்தது. நோய் திரும்பி வந்தால்? இவனை ஏன் இதில் இழுக்க வேண்டும்?

"அடுத்த வாட்டி என்கிட்ட பேசாதீங்க," என்றாள் கிளம்பும்போது.

மூன்றாவது தவணை. மழை விட்டு, மலை பளிச்சென்று தெரிந்தது. அவன் வந்திருந்தான்... வெறுங்கையோடு.

"குழந்தை எங்கப்பா?" என்றார் நர்ஸ் தங்கம்மாள்.

"அக்கா போளூர் போயிட்டாங்க. அங்கயே போட்டுக்குவாங்க."

"அப்ப நீ யார்கூட வந்த?"

அவன் வாய் திறக்கவில்லை. பேசாதே என்றிருந்தாளே! தரையையே பார்த்தான்.

ஜன்னலோர பெஞ்சிலிருந்து தென்றல் எழுந்தாள். கடைசியாகப் போடும் அம்மை ஊசிக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை கூட்டம் ஆகாது, பௌர்ணமி கிரிவலம் ஆகாது. இவனுமா ஆகாது?

"என்கூட வந்திருக்கார் மேடம்."

அவன் நிமிர்ந்தான்.

"உங்களப் பிடிச்சிருக்குங்க... அதான் பயந்துட்டேன். அம்மை ஊசிக்கும் வருவீங்களா? ரொம்ப நாள் ஆகும்."

"வர்றேன். அதுக்கப்புறமும் நாலடி தள்ளித்தான் நிக்கணுமா?"