குமிழி இல்லாத பாட்டில்

வியாழக்கிழமை காலை பல் துலக்கப் போன ஸ்ரீபாலன், அலமாரித் தட்டில் இருந்த கண்ணாடி பாட்டிலுக்குள் ஒரு குமிழியைப் பார்த்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அந்த பாட்டிலை வாளித் தண்ணீருக்குள் முழுக்கி, தண்ணீருக்கு அடியிலேயே மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடி போட்டும் போடாமலும் நாலு தடவை பார்த்தவர் அவர். அப்போது அதற்குள் கடுகளவு காற்றுகூட இல்லை.

"சந்திரா, இத யாரு தொட்டது?"

சமையலறையிலிருந்து மனைவி சந்திரவதியின் குரல் வந்தது. "ஆமா, எனக்கு வேற வேல இல்ல. ஒங்க பாட்டிலத் தொறந்து மூடிக்கினு கெடக்கறேன்."

ஸ்ரீபாலன் நம்பவில்லை. பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, குறைந்தது எட்டு லட்சம் கட்டைவிரல்களை மையில் தோய்த்து, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தாளில் உருட்டி எடுத்தவர் அவர். எமனே வாசலில் வந்து நின்றாலும், "ரெண்டு சாட்சியக் கூட்டிக்கினு வாய்யா" என்று திருப்பி அனுப்பியிருப்பார். ஓய்வு பெற்று நாலு வருஷம் கழிந்த இந்த 2009-லும், பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினார்.

இந்த பாட்டில் விஷயத்தில் அவருடைய சந்தேகமெல்லாம் மருமகன் மேல். மகள் பிராமிக்கு ஏழு மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. திண்டிவனத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவளை அனுப்பாமல் இழுத்துக்கொண்டிருந்தார் மருமகன் நேமிகுமார். மயிலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார்.

"மாமா, ஒங்க கெணறு முழுக்கப் பாறையில வெட்டுனது. அந்த மாதிரித் தண்ணியில ரேடான்னு ஒரு வாயு இருக்கலாம். நெறம் கெடையாது, வாசன கெடையாது. தண்ணியத் தொறந்தா போதும், காத்துல கலந்து, பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க மூச்சோட உள்ள போயிடும். டெஸ்ட் பண்ணிட்டு அனுப்பறேன்."

டெஸ்டாம்! பெண்ணை அங்கேயே வைத்துக்கொள்ள சம்பந்தியம்மா சொல்லிக்கொடுத்த சூழ்ச்சி என்று ஸ்ரீபாலன் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

முதலில் அனுப்பிய பாட்டிலில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. அவர் குதித்தார். நேமிகுமார் போனில் சிரித்தார்.

"மாமா, மழத்தண்ணியிலகூட இதவிட ஜாஸ்தி இருக்கும். வடிகட்டுனீங்களா?"

"வடிகட்டாம எப்படி மாப்பிள்ள? நாம நயினாரு வூடு இல்லியா?"

"துணியில வழியும்போதே வாயு போயிடும் மாமா. வடிகட்டாம, ஒரு குமிழிகூட இல்லாம புடிங்க. காத்து இருந்தா வாயு அதுல போயிடும்."

அந்தச் சமண வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வடிகட்டாமல் வெளியே வந்ததாகச் சரித்திரமே கிடையாது. முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் காலத்திலிருந்தே இல்லை என்று ஸ்ரீபாலன் சத்தியம் செய்வார். தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுவார்கள். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வடிகட்டிய நீரால் அலசி, அடியிலும் ஒரு வளையம் வைத்த வாளியில் விட்டு, மெல்ல இறக்கி, தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அடி வளையத்துக் கயிற்றை இழுத்துக் கவிழ்ப்பார்கள். மேலிருந்து கொட்டினால் அவற்றுக்கு அடிபடுமாம். கிணற்றில் பிறந்தது கிணற்றுக்கே போய்விடும். இத்தனை தலைமுறையாக அங்கிருந்து ஒன்றும் வெளியே வந்ததில்லை.

புதன்கிழமைதான் முதல்முறை.

குமிழி விழுந்த அந்த பாட்டில் தண்ணீரைச் சந்திரவதி வளைய வாளியில் விட்டுக் கிணற்றுக்கே திருப்பினாள். ஸ்ரீபாலன் அன்றே குமிழி இல்லாமல் புதிதாக ஒன்று பிடித்தார். இந்த முறை மூடியின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஈரக் கட்டைவிரலை வைத்து, பழைய பழக்கத்தில் இடமிருந்து வலமாக ஒரு உருட்டு உருட்டினார். இனி எவன் திறந்தாலும் தெரிந்துவிடும். பாட்டிலை உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் மருமகன் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அறையைத் திறந்தார்.

வெளியே தார் உருகுகிற வெயில், செஞ்சி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற இரைச்சல், சந்திரவதி தாளிக்கிற கடுகின் வெடிப்பு எல்லாம் இருந்தும், அந்த அறைக்குள் மட்டும் கிணற்றின் அடியில் இருக்குமே ஒரு குளிர்ச்சி, ஈரப் பாறையும் பாசியும் கலந்த வாசனை, அது தரையோடு தரையாகப் பரவி அவர் கணுக்காலைத் தொட்டது. அரக்கு உடையவில்லை. அவருடைய ரேகை அச்சுக் குலையாமல் இருந்தது.

ஆனால் இந்தப் புது பாட்டிலுக்குள்ளும் ஒரு குமிழி, எலுமிச்சம்பழ அளவு.

மருமகன் மூடியில் ஏதோ வித்தை செய்திருக்கிறான் என்று நினைத்தபடி வலப்பக்கமாக நகர்ந்தார். குமிழியும் கண்ணாடியின் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் போனார். அதுவும் வந்தது. பாட்டிலை யாரும் தொடவில்லை. தண்ணீர் ஆடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். குமிழி அசையாமல் நின்றது. மூச்சை விட்டார். குமிழி சற்றே உப்பியது. இழுத்தார். சுருங்கியது.

பிறகு சத்தம். குழந்தை பால் குடித்து வாயை எடுக்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

"சந்திரா!"

வாசலில் வந்து நின்ற சந்திரவதி உள்ளே கால் வைக்கவில்லை. "அதுல ஏதோ உசுரு இருக்குதுங்க. கெணத்துலயே வுட்டுடுங்க. ஜல்தி."

உயிராவது ஒன்றாவது என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் வேறொரு கணக்கு அவருக்குள் ஓடியது. இந்த பாட்டில் மயிலம் போனால் என் பெண் இந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கண்ணாடி சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைச் சூடு.

கிணற்றுச் சுவரில் வைத்து அரக்கைச் சுரண்டினார். அப்போதுதான் பார்த்தார். கழுத்தில், மூடிக்குக் கொஞ்சம் கீழே, கண்ணாடி பனி பிடித்திருந்தது. பனிக்கு நடுவில் ஒரு அச்சு. துடைத்தார். போகவில்லை.

உள்பக்கம்.

சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். துவரம்பருப்பு அளவுள்ள கட்டைவிரல். எட்டு லட்சம் விரல் பார்த்தவர் கண்ணுக்கு அதில் ஒரு ரேகைகூடத் தட்டுப்படவில்லை. சுழி இல்லை. வளைவு இல்லை. ஆனால் ஏனோதானோவென்று ஒற்றிய அச்சு இல்லை அது. நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. இடமிருந்து வலம்.

உருட்டியிருந்தது.

முறைப்படி.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. "மாமா!" நேமிகுமாரின் குரல். பாட்டிலைப் பிடுங்கத்தான் வருகிறான். ஸ்ரீபாலன் பதறினார். தண்ணீரைத் திறந்தால் வாயு பக்கத்தில் இருப்பவர் மூச்சோடு போய்விடும் என்று மருமகன் சொன்னது அந்த அவசரத்தில் மறந்துபோனது. திருகினார்.

குமிழி வெடிக்கவில்லை. மேலே வரவும் இல்லை. யாரோ நீளமாக மூச்சை இழுத்தது கேட்டது. பாட்டிலில் குமிழியைக் காணவில்லை, நிறையத் தண்ணீர் மட்டும் இருந்தது.

திரும்பினார். முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், பிராமி. ஆட்டோவிலிருந்து வேகமாக நடந்து வந்ததில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படிம்மா..."

"காலையிலருந்து அசைவே இல்லப்பா." கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம். அம்மாவ ஏத்திக்கினு போலாம்னு வந்தோம்."

நேமிகுமார் பின்னாலேயே ஓடி வந்தார். "பாட்டிலத் தொறந்துட்டீங்களா மாமா? அவ பக்கத்துல நிக்கும்போதா?"

பிராமி மூக்கை உறிஞ்சினாள். "ஈரப் பாற வாசன. நல்லா இருக்குது, இல்லப்பா?" இன்னொரு முறை, ஆழமாக இழுத்தாள்.

சட்டென்று நின்றாள். முகம் விரிந்தது.

"அசையுதுப்பா! ஐயோ, அசையுது! அம்மா, இங்க வாயேன்!"

சந்திரவதி ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நேமிகுமார் கிணற்றுச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிராமி சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தாள்.

"தெரியுதாப்பா?"

தெரிந்தது.

உதை இல்லை அது. புடவைக்கும் தோலுக்கும் அப்பால், அவருடைய உள்ளங்கையின் நட்டநடுவில், துவரம்பருப்பு அளவு ஒன்று வந்து ஒட்டியது. அழுத்தியது. பிறகு அவசரமே இல்லாமல், இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, மெல்ல உருண்டது.