மூடியிருந்த கிண்ணம்

பிளாஸ்திரி ஒட்டினபடியேதான் இருந்தது. உள்ளே வைத்த பஞ்சைத்தான் காணவில்லை.

"பிரிச்சீங்களாம்மா?" என்றாள் நர்ஸ்.

காலையில் அறுத்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆஸ்பத்திரி அது. இடுப்புக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது என்றார்கள். மயக்கம் இப்போதுதான் தெளிந்திருந்தது. கையைத் தூக்கவே தெம்பில்லாதவள் எங்கே போய்ப் பிரிப்பது?

"நான் தொடவே இல்ல சிஸ்டர்."

நர்ஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு புதுப் பஞ்சு வைத்து ஒட்டினாள். "ஒரு சொட்டு ரத்தம் கசியல, நல்ல உடம்பு உங்களுக்கு. பிஸ்கட் சாப்பிடுங்க. வாந்தி வராம இருந்தாதான் வீட்டுக்கு விடுவோம்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஓங்கரித்துக்கொண்டே இருந்தார்கள். பினாயில் வாடைக்கு அடியில், ஊறவைத்து மறந்துபோன துணியின் புளித்த வீச்சம் ஒன்று மெல்ல மெல்ல எழுந்து வந்தது. சீ, யார் படுக்கை என்று மூக்கைச் சுளித்துத் தேடியவளுக்கு, அது தன் போர்வைக்குள்ளிருந்தே வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குமட்டியது. ஆனாலும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் உள்ளே போய்விட்டது. பசி அடங்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் கணவனைக் கேட்டாள். "கட்டிய காட்டினாங்களா?"

வெட்டி எடுத்ததைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரரிடம் காட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

"ம். காட்டினாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"கட்டி மாதிரிதான் இருந்துச்சு." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற மனுஷன். அவளுக்கு அப்போதே சுருக்கென்றது.

வீட்டில் படுக்கையில் சாய்ந்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. மின்விசிறியின் கிறீச்சுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. ஈரமான சத்தம். பல் முளைக்காத வாய் எதையோ சப்புவதுபோல. அவள் மூச்சை அடக்கினாள். சப்... சப்... போர்வையை விலக்கித் தடவினாள். பிளாஸ்திரி தட்டையாக இருந்தது. இந்தப் பஞ்சும் போய்விட்டது.

"ஏங்க! உண்மையச் சொல்லுங்க. கட்டிய பார்த்தீங்களா?"

வாசற்படியிலேயே நின்றான். "கிண்ணம் மூடியிருந்துச்சும்மா. தொறக்கப் போனாங்க. எனக்குக் குடல புரட்டிட்டு வந்துச்சு... பார்த்தாச்சு, கொண்டுபோங்கன்னுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அப்பாடான்னு எடுத்துட்டு ஓடிட்டாங்க."

அப்படியானால் கிண்ணத்தில் கட்டியே இல்லை. அது இன்னும் எனக்குள்ளேயே இருக்கிறது.

"பாவி மனுஷா, இப்பவாவது வந்து பாருங்க!"

புதுப் பஞ்சோடு வந்தான். அவளே பிளாஸ்திரியை உரித்தாள். அழுகிய வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அவன் "உவ்வே" என்று சட்டென முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொண்டே, பஞ்சுள்ள கையை மட்டும் குத்துமதிப்பாக நீட்டினான்.

அவள் பார்த்தாள்.

தையல் நூல்கள் தளர்ந்து கிடந்தன. காயத்தின் இரண்டு ஓரமும் தடித்து, சிவந்து, பளபளத்தன. நடுவில் பஞ்சு நார். மஞ்சளாகக் கோழை. ஓரங்கள் பிரிந்தன. அவன் கை வரும் பக்கம் திரும்பின.

கையை எடுங்க.

சொல்ல வாயெடுத்தாள். வாயெல்லாம் எச்சில். நாக்கு புரளவில்லை. விழுங்கினாள். மறுபடி ஊறியது.

பஞ்சு போனது. விரல் போனது.

அவன் அலறினான். இழுத்தான். அவளுடைய இடுப்புச் சதையும் கூடவே இழுபட்டது, வலிக்கவில்லை. காலையிலிருந்து அடங்காத பசி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஐயோ, நன்றாக இருந்தது.

அலறல் ஓய்ந்தபின் காயம் இருமுறை சுருங்கி விரிந்தது. கோழையில் குளித்த அவனுடைய கல்யாண மோதிரத்தை மெத்தைமேல் துப்பியது. பிறகு அவளைப் பார்த்துத் திறந்தது.