பன்னிரண்டாவது குரல்

வேனில் ஏறியது பதினொரு பேர். கிளம்பும்போது, கூட்டிப்போகும் முருகேசன் பேர் படித்தார். பதினொன்றும் முடிந்து அவர் தாளை மடித்த பிறகு, பின்சீட்டிலிருந்து இன்னொரு "இருக்கேன்" வந்தது.

"யாருப்பா அது, ரெண்டு தடவ சொல்றது?" என்றார் முருகேசன். எல்லோரும் சிரித்தார்கள். நௌஷீன் மட்டும் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

போன கோடையிலும் பட்டாம்பூச்சி பார்க்க, திருப்புட்குழி தாண்டி இதே காட்டுக்குத்தான் வந்தார்கள். அண்ணன் மனைவி ஃபிர்தௌஸ் பாபியையும் நௌஷீன் அழைத்து வந்திருந்தாள். பாபிக்கு ஒரு கம்பளிப்பூச்சி கண்ணில் பட்டால் போதும், குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் "தோ வரேன்" என்பாள், வரமாட்டாள். உச்சிவெயில், பசி, எரிச்சல். திரும்பும்போது முருகேசன் பேர் படிக்க, "அவங்க பின்னாடி ஏறிட்டாங்கண்ணா, கெளம்பலாம்" என்று நௌஷீன்தான் சொன்னாள். ஒரு நாள் பஸ் பிடித்து வரட்டுமே என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள், அல்லா சாட்சியாக அவ்வளவுதான்.

கதண்டுக் குளவிகள் கொட்டி உயிர்போன பாபியின் உடம்பைச் சாயங்காலம் புங்கமரத்தடியிலிருந்து தூக்கி வந்தார்கள். நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது. "ஏறிட்டாங்கன்னுதான் நெனச்சேன்" என்று அண்ணனிடம் அழுதாள். அண்ணன் நம்பிவிட்டான், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தாள். காட்டுக்குள் முருகேசனே அருகில் வந்து நின்றார். "நான் ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கணும்மா. என் தப்புதான். ஒரு வருஷமா தூக்கமில்ல."

வாய் வரைக்கும் வந்தது. "விடுங்கண்ணா" என்றாள். மன்னிப்புக் கொடுப்பவளைப்போல! அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

அவர் பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள், யாரோ கை காட்டியதுபோல் ஒரே நொடியில் ஓய்ந்தன. சருகு வாசனைக்கு நடுவே பாபி பூசும் சந்தன அத்தர் மெல்ல எழுந்தது. மழை பெய்து மூன்று மாதமாகிறது. ஆனாலும் புங்கமரத்தடி மணல் ஈரமாக இருந்தது. அதன்மேல் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பட்டாம்பூச்சிகள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. எவ்வளவு அழகு என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு தலையின் வடிவம் தெரிந்தது. தோள். மடங்கிய முழங்கால். ரோட்டுப் பக்கம் நீட்டிய ஒரு கை.

"பாபி... நான் வேணும்னேதான் சொன்னேன்."

இறக்கைகள் எல்லாம் ஒன்றாக மூடின.

ரோட்டில் ஹாரன் அடித்தது. முருகேசன் பேர் படிக்கிறார். ஒவ்வொன்றாக. "நௌஷீன்?"

இங்க இருக்கேன் என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. நாக்கு தடித்திருந்தது. இன்னும் தடித்தது.

"நௌஷீன் ஏறியாச்சா?"

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். சலிப்பான குரல். நௌஷீனின் குரல்.

"அவங்க பின்னாடி ஏறிட்டாங்கண்ணா, கெளம்பலாம்."

வேன் கிளம்பியது.

அந்த உருவத்துக்குப் பக்கத்தில், இன்னொரு ஆள் படுக்கும் அளவுக்கு மணல் நனையத் தொடங்கியது. முதல் பட்டாம்பூச்சி அங்கே போய் உட்கார்ந்தது.