பிடிச்சாச்சு

நடைபலகை மறுபடியும் தாழ்ந்தது.

கூரைச் சட்டங்களிலிருந்து சங்கிலியில் தொங்கும் பலகை அது. ஒரு முனையில் யாராவது கால் வைத்தால் மறுமுனையில் நிற்பவரின் உள்ளங்காலுக்கு உடனே தெரிந்துவிடும். சினிமா படப்பிடிப்பில் லைட் வேலைக்கு வந்த இந்த இரண்டு வாரத்தில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். லைட் ஆட்களுக்குத் தலைவரான சீஃப் ஏறினால் பலகை ஒரேயடியாக அமுங்கும். ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டையன் வந்தால் விட்டு விட்டு ஆடும். இப்போதோ அது மெதுவாகத் தாழ்ந்து, தாழ்ந்தபடியே நின்றது. கால் வைத்தவர் அடுத்த அடியை எடுக்கவில்லை.

"ஒட்டகம் அண்ணே?"

விளக்கின் அந்தப் பக்கம் வெறும் இருட்டு.

வெளியே உச்சி வெயில். உள்ளே ஜன்னலே இல்லாத கொட்டகை, நான்கு பக்கமும் கறுப்புத் துணி, தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில் காய்ந்து டக் டக்கென்று சத்தமிடும் தகரம். விளக்கின் மேல் படிந்த தூசி கருகும் வாசனை அவள் தொண்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கி, இரண்டு ஆள் உயரத்துக்கும் கீழே இருந்த தரையில் சொட்டியது.

கீழே தரையில், சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறியின் மேல், அவள் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கதாநாயகி வந்து சேரும்வரை அவள் இடத்தில் நின்று வெளிச்சத்தை வாங்கிக்கொள்வது தங்கையின் வேலை. அசையக்கூடாது. வீட்டில் சும்மா கிடந்தவளை, நிற்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் வாடி என்று கூட்டி வந்தது அக்காதான். விளக்கு நேராக அவள் உச்சந்தலைக்கு மேலே இருந்தது.

"ஊசி, மேல தூங்குறியா?" கீழேயிருந்து சீஃப்பின் குரல். முன்பு உடையலங்காரத்தில் தைத்துக்கொண்டிருந்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "ஒரு முழம் இடது பக்கம் தள்ளச் சொல்லி எவ்ளோ நேரமாச்சு? பாவாடைக்கு நாடா கோக்குற வேலைன்னு நினைச்சியா?"

யார் யாரோ சிரித்தார்கள்.

"தனியா கழட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அண்ணன் வரட்டும். விளக்கையும் அணைச்சுடுங்க."

"அணைச்சா திரும்ப ஏத்த பத்து நிமிஷம். எரியட்டும். வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, எனக்கே சட்டம் சொல்றா பாரு."

சிமெண்ட் மூட்டை கனம் அந்த விளக்கு. குழாயில் அதைக் கவ்வியிருப்பது ஒரு திருகு. திருகு ஏமாற்றினால் தாங்க ஒரு காப்புச் சங்கிலி. இடம் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் கழற்றுவார். எரியும் விளக்கைப் பார்த்தால் கண் போய்விடும் என்பதால் கழற்றுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பார். 'பிடிச்சாச்சு' என்ற சொல் வந்ததும் சங்கிலியை எடுப்பார், திருகைத் தளர்த்துவார். பார்க்காதே, கேள் என்று சீஃப் அவள் மண்டையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பலகை ஆடியது. ஓர் அடி. இன்னோர் அடி. விளக்கின் மறுபக்கம் வந்து நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிடிச்சுட்டீங்களா அண்ணே?"

தகரம் இரண்டு முறை டக்கென்றது. பிறகு,

"பிடிச்சாச்சு."

தண்ணீர் குடிக்காத தொண்டையின் குரல். இந்தப் புழுக்கத்தில் யாருக்குத்தான் தொண்டை காயாது? அவள் சங்கிலியை எடுத்தாள். திருகைத் தளர்த்தினாள். கவ்வி குழாயை விட்டு வந்தது. அவள் பக்கத்துக் கைப்பிடிக்கு வரவேண்டிய பாதிக் கனம் வரவில்லை. எல்லாக் கனத்தையும் அந்தப் பக்கமே வாங்கிக்கொண்டது, ஒரு தலையணையைத் தூக்குவதுபோல.

அப்போதுதான் கீழே பார்த்தாள்.

கொட்டகையின் வாசலோரம் பெட்டி மேல் உட்கார்ந்து ஒட்டகம் டீ ஊதிக்கொண்டிருந்தான்.

அவள் விளக்கை எட்டிப் பிடித்தாள். கையுறையைப் பொசுக்க வேண்டிய இரும்பு சில்லென்றிருந்தது. இழுத்தாள். அது வரவில்லை. பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. மெல்ல, பிடிவாதமாக, அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு நகர்ந்தது.

"நகருடி," என்றாள் தங்கையிடம். மறுபடி சொன்னாள். "அங்கேருந்து நகரு."

"அசையக்கூடாது," என்றார் சீஃப்.

தங்கை அக்காவின் குரலை அறிந்தவள். குறியை விட்டு இரண்டு எட்டு வைத்தாள்.

வெளிச்ச வட்டமும் இரண்டு எட்டு வைத்தது.

தங்கை நின்றாள். வட்டம் நின்றது. இடப்பக்கம் போனாள். வட்டம் போனது. பிறகு அவள் ஓடினாள். வாசலை நோக்கி, மரச்சுவர் அரங்கைச் சுற்றி, மறுபடி நடுவுக்கு. தலைக்கு மேலே தகரத்தை ஒட்டி ஏதோ ஓடியது. பலகை இல்லாத இடத்தில். குழாயே இல்லாத இடத்தில்.

கேபிள் விறைத்தது. பிளக் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

விளக்கு அணையவில்லை.

"அடடே," என்றார் சீஃப், கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்தபடி. இரண்டு வாரத்தில் முதன்முறையாக அவர் குரல் கனிந்திருந்தது. "என்னமா பின்னாலேயே போறா பாருங்கடா. உங்க எவனுக்காவது இது வருமா? அப்படித்தான் ஊசி. முகத்துக்கு வெளிச்சம் பத்தல. கொஞ்சம் இறக்கு."

வெளிச்சம் இறங்கத் தொடங்கியது.

ஒட்டகம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சீஃப். நான் இங்க இருக்கேன். மேல அவகூட யாரு?"

அவள் பலகையின் விளிம்புக்கு வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். வெறும் கைகள். விளக்குக்கு வெகு தூரத்தில்.

கீழே நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"போதும்," என்றார் சீஃப். பிறகு மெதுவாக, "போதும், போதும்."

நிற்கவில்லை.

விளக்கு இறங்க இறங்க வட்டம் சிறுத்தது. ஓர் அறை அகலம். ஒரு பாய் அகலம். தங்கை இனி ஓடவில்லை. அண்ணாந்து பார்த்தாள். அக்காவை அல்ல, விளக்கை ஏந்தியிருந்ததை. அவள் வாய் திறந்தபடி இருந்தது. வட்டத்தின் ஓரத்தில், நாலா பக்கமிருந்தும், விரல்களின் நிழல்கள் ஒவ்வொன்றாக உள்ளே நீண்டன.

மேலே நின்றவள் அந்த விரல்களை எண்ணினாள். பத்தைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள்.