நின்ற இடத்துக் கரி

கோலம் போட வாளியோடு வெளியே வந்த சுகிர்தா, காரின் பின்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நேற்றுத்தான் கழுவியிருந்தாள். பாத்திரம் விளக்கும் சோப்பைக் கரைத்து, பஞ்சால் தேய்த்து, வெள்ளை பம்பர் பளிச்சென்று ஆனதைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள். இப்போது சைலன்சருக்கு மேலே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கரி அப்பிக்கிடந்தது. குனிந்து விரலால் தொட்டாள். உதிர்கிற கரி இல்லை; எண்ணெயில் குழைத்ததுபோல வழுவழுவென்று ஒட்டியது. வண்டி ராத்திரி முழுக்க ஓடவில்லை. பம்பர் பனியில் சில்லிட்டிருந்தது. கரி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

“ஏங்க, நேத்து எங்க போனீங்க?”

குமரகுருபரன் கண்ணாடி முன் நின்று மீசையைத் திருத்திக்கொண்டிருந்தான். “எங்க போவேன்? கங்கைகொண்டான் ஃபேக்டரிக்குப் போனேன், வந்தேன். டீசல் வண்டின்னா கரி இருக்கத்தானே செய்யும்.”

பதினாறு வருடத்தில் அவன் மீசையைப் பற்றிக் கவலைப்பட்டு அவள் பார்த்ததில்லை. ஒரு மாதமாகத்தான் இப்படி. தொழிற்சாலையிலிருந்து ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தவன் ஏழுக்கு வருகிறான். சாப்பிடும்போது தனக்குள் சிரித்துக்கொள்கிறான். சட்டையை முகர்ந்து பார்த்தாள். பவுடர் வாசனை இல்லை, பூ வாசனை இல்லை, புகை நெடிதான். பூ வாசனை இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகக் காரில் ஏறியபோது முழங்கால் இடித்தது. முன் இருக்கையை யாரோ முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். தன்னைவிடக் குட்டையானவள். அன்றிலிருந்து அந்த இன்னொருத்திக்கு ஒரு உருவம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முக்கோணம் வரைந்து காட்டும்போதும், கரண்டியைக் கழுவும்போதும், சின்னக் கால்களை நீட்டி, தன் இடத்தில், தன் புருஷன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் சுகிர்தா மெக்கானிக் அலி அக்பரை வீட்டுக்கு வரச் சொன்னாள். மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர். பத்து வருடமாக அந்த வண்டியைப் பார்ப்பவர். சைலன்சருக்குள் விரலை விட்டு எடுத்து, வெகுநேரம் விரலையே பார்த்தார்.

“ஓடுன வண்டியில இவ்வளவு கரி சேராது டீச்சர். ஒரே எடத்துல நிப்பாட்டி, இஞ்சின அமத்தாம, மணிக்கணக்கா உக்காந்திருந்தாத்தான் இப்படிப் படியும்.”

“எதுக்கு உக்காரணும்?”

அவர் முன்கதவைத் திறந்து காட்டினார். “கரி வெளியிலதான் படியும். இங்கன பாருங்க.” இருக்கையின் முதுகில் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். துணி கறுத்தது. இருக்கை வெளுக்கவில்லை. ஒரு தோளும், இடுப்பும் சாய்ந்த தடம்.

“சார்கூட யாரும் வாராங்களா டீச்சர்?” என்று பையக் கேட்டார். கூலி வாங்காமலே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானத்துக்குமேல் பள்ளியில் பெர்மிஷன் போட்டுவிட்டு சுகிர்தா ஸ்கூட்டரை எடுத்தாள். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஐந்தே காலுக்குக் கார் வெளியே வந்தது. அவன் மட்டும்தான் இருந்தான். நாற்கரச் சாலையில் திருநெல்வேலிப் பக்கம் திரும்பியவன், கொஞ்ச தூரத்தில் சிற்றாற்றை நோக்கிப் போகும் மண்பாதையில் இறங்கினான். இருபக்கமும் உடைமரங்கள் அடர்ந்த உடங்காடு. முள் கிளைகள் ஸ்கூட்டரின் கண்ணாடியில் கீறிக்கொண்டே வந்தன. காற்றே இல்லாத அந்தச் சாயங்காலத்தில் மழைமண் வாசனையோடு எரிந்த டீசல் நெடி பாதை முழுக்கத் தேங்கி நின்றது. அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தாள்.

ஆற்றங்கரையில் கார் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சைலன்சரிலிருந்து வந்த புகை மேலே போகவில்லை. தரையோடு தவழ்ந்து, வண்டியைச் சுற்றி வந்து, இடதுபக்கக் கதவின் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கைக் கண்ணாடி உள்ளிருந்து கறுத்திருந்தது. முன்கண்ணாடி வழியாக அவன் முகம் தெரிந்தது. யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில், பாபநாசம் அருவியில் நனைந்துவிட்டு அவளைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறான். அதற்கப்புறம் இல்லை. சுகிர்தா ஓடிப்போய் இடதுபக்கக் கதவைப் பிடுங்கித் திறந்தாள்.

இருக்கையில் யாரும் இல்லை.

சீட் பெல்ட் போட்டிருந்தது. ஒரு உடம்பின் மேல் கிடப்பதுபோல உப்பிக்கொண்டு.

குமரகுருபரன் திரும்பினான். திடுக்கிடவில்லை. சங்கடப்படவும் இல்லை.

“கதவ மூடு சுகி. அவளுக்குக் குளிருது.”

அவள் மூடினாள். ஏன் மூடினாள் என்று ஸ்கூட்டரில் வரும்போது யோசித்தாள். பாளையங்கோட்டையில் அம்மா வீடு இருக்கிறது. நேரே அங்கே போயிருக்கலாம். போய்விட்டால் வீடு காலியாக இருக்கும். அவன் அந்த இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவான். சமையலறை, கட்டில், பீரோக் கண்ணாடி. எல்லாவற்றிலும் அவள். அந்த நினைப்பு பயத்தை மிதித்துக்கொண்டு மேலே வந்தது. பெருமாள்புரத்தில் தன் வீட்டுக்கே வந்தாள். எல்லா விளக்கையும் போட்டாள். படுக்கையறைக்குப் போய், கட்டிலில் சுவரோரம், தன் பக்கத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டாள். எழுந்திருக்கப்போவதில்லை.

ஏழு மணிக்குக் கார் வந்தது. ஒரு கதவு திறந்து மூடியது. காலடி, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. இன்னொரு கதவு திறந்தது. பதினாறு வருடத்தில் அவளுக்காக ஒருநாளும் அவன் சுற்றி வந்து கதவைத் திறந்ததில்லை.

“பைய எறங்கு,” என்றான்.

டீசல் நெடி முதலில் வந்தது. அப்புறம் அவன். வெள்ளை டைல்ஸில், அவனுக்கு அரையடி முன்னால், ஒரு கரித் தடம் விழுந்தது. சின்னப் பாதம். ஐந்து விரலும் தெளிவாக. அடுத்தது. அடுத்தது. கட்டிலோரம் வந்து இரண்டும் சேர்ந்து நின்றன.

“கொஞ்சம் தள்ளிப் படு சுகி.”

“இது என் எடம்.” உதடுதான் அசைந்தது.

மெத்தை அமுங்கியது.

விரிப்பில் கறுப்பு ஊறிப் பரவியது. இடுப்பு. முழங்கை. தலையணையில் விரிந்த கூந்தல். சுகிர்தா சுவரோடு ஒட்டினாள். கழுத்தில் கரியின் வெதுவெதுப்பு பட்டது.

குமரகுருபரன் போர்வையை உதறி, குனிந்து, மெதுவாகப் போர்த்திவிட்டான். போர்வை மெத்தையில் படியவில்லை. ஒரு தோளின் உயரத்தில் நின்றது. பிறகு அந்தத் தோள் சுகிர்தாவின் பக்கம் திரும்பிப் படுத்தது.