பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

கோடை தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த மாடி வீடு அடுப்பாகிவிட்டது. மின்விசிறி சுற்றியது, சூட்டைத்தான் வாரி இறைத்தது.

அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். வீட்டில் அவள் வாலு. அவளுக்கு ஒரு கைக்குழந்தைத் தம்பி.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். அந்த மாதம் முழுவதும் இரவு வேலை. மதியம் அம்மா கண்ணை மூடுவாள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தம்பி வீறிட்டு அழுவான். உடம்பெல்லாம் வேர்க்குரு. பாவம், அவன்தான் என்ன செய்வான்?

வாலு விசிறினாள். பூனை மாதிரி கத்திக் காட்டினாள். அழுகை நின்றபாடில்லை.

"நேத்து வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். ஊசி போட்டுக்க வந்தவர்தான் என்னை எழுப்பிவிட்டார்" என்று அம்மா சிரித்தாள்.

வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் வாரம் வெயில் இன்னும் ஏறியது. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன வாலு ஒன்றைக் கவனித்தாள். உச்சி வெயில் சாய்ந்ததும் காற்று வந்தது. கொடியில் கிடந்த துணிகள் தெருப்பக்கமாகப் பறந்தன. மறுநாளும் அப்படியே. அப்படியானால் காற்று வீட்டின் பின்பக்கமிருந்து வருகிறது!

அவள் ஓடிவந்து அறையின் பின்சுவரைப் பார்த்தாள். சுவரை அடைத்துக்கொண்டு பீரோ நின்றது. இடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே சாத்திய ஜன்னல் ஒன்று!

அன்று மாலை அம்மா வேலைக்குக் கிளம்பியதும் வாலு கேட்டாள். "அப்பா, பீரோவை நகர்த்தலாமா?"

"ஏம்மா, அப்பா இடுப்பு நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?"

"உள்ள இருக்கறதை எல்லாம் எடுத்துட்டேன்ப்பா. பீரோ காலுக்கு அடியில சாக்கை மடிச்சு வச்சா வழுக்கிக்கிட்டு வரும்."

வழுக்கிக்கொண்டுதான் வந்தது. ஜன்னலைத் திறந்ததும் ஒரு பல்லி, 'யார் வீட்டுக்குள் யார் வருவது?' என்பதுபோல் முறைத்துவிட்டு ஓடியது.

காலையில் அம்மாவின் குரல் கேட்டது. "யாரு பீரோவை இங்க வச்சது? முட்டியில இடிச்சுக்கிட்டேன்!"

"மதியம் பாரும்மா, காத்து பிச்சுக்கிட்டு வரும்!"

வரவில்லை. மூன்றாம் வாரத்தில் வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஒரே புழுக்கம். தம்பி இரண்டு மடங்கு அழுதான்.

"காத்து லீவு போட்டுடுச்சு போல" என்றார் அப்பா.

வாலுவின் கண் கலங்கியது. அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "வரும்போது வரட்டும்டி. ஜன்னல் திறந்தே இருக்கட்டும்."

கடைசி வாரம் இடி இடித்தது. இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் அப்பாவுக்கு விடுமுறை. மதியம் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

தூங்கிக்கொண்டிருந்த அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. 'ஐயோ, குழந்தைக்கு என்ன ஆச்சு?'

ஜன்னல் வழியாக ஈரக்காற்று அறை முழுக்க வீசிக்கொண்டிருந்தது. ஜன்னலடியில் வாலு அசந்து தூங்கினாள். அவள் தலைமுடியைக் கைக்குள் பிடித்தபடி தம்பி தூங்கினான். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு அப்பாவும் தூங்கினார்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வேலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படுடி, என் தங்கம்" என்று வாலுவின் காதில் சொல்லிவிட்டு, அந்தக் காற்றில் தானும் சுருண்டு படுத்துக்கொண்டாள்.