பல்லாவரத்துக்குப் பதினோரு நிமிடம்

காந்திமதியிடம் ஒரு மர்மத்தைக் கொண்டுபோனால், டம்ளரில் ஊற்றிய டீ ஆறுவதற்குள் அது உடைந்துவிடும். தாம்பரம் ஸ்டேஷன் விசாரணை கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவரைப் பற்றி, பக்கத்து ஃபிளாட் தையல்காரி ஷரீஃபா ஊர் முழுக்க இப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். ஒருமுறை பால் பொங்குவதற்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டாராம், டீத்தூள் மிச்சமாம்.

அன்று மாலை வந்த ஹேமநாத் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் இரண்டு விடைத்தாள். பின்னால் அவருடைய மாணவர்கள் உதயாவும் ஃபைஸும். எல்லோரையும் இங்கே இழுத்து வந்தவள் உதயாவின் அம்மா முத்தாலம்மாள். அவள் குரலுக்கு ஜன்னல் கண்ணாடி இரண்டு தரம் நடுங்கியது.

"எம் பொண்ணு காப்பி அட்ச்சாளாம்! இன்னா பேச்சுமா இது? மீனு வித்துப் படிக்க வெச்சுகினு கீறேன்!"

ஷரீஃபா ஆவி பறக்க டீயை ஹேமநாத் முன்னால் வைத்தாள். "சொல்லுங்க சார். டீ ஆறுது."

"பிளஸ் டூ முடிச்சவங்களைக் காலேஜ் பாடத்துக்குத் தயார் பண்ற பிரிட்ஜ் கோர்ஸ் எடுக்கறேன் மேடம். இதில் தேறினால்தான் இவங்களுக்கு இலவச இடம். கடைசிப் பரீட்சையில், விடை மட்டும் எழுதற பகுதியில் ஒரு கணக்கு. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் ஆறு கிலோமீட்டர். மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் மின்சார ரயில் எத்தனை நிமிஷத்தில் போகும்? பத்து. முப்பத்தெட்டு பேர் பத்துன்னு எழுதியிருக்காங்க. இவங்க ரெண்டு பேர் மட்டும் பதினொண்ணு. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் உட்கார்ந்திருந்தாங்க. கேட்டா, 'அவ்ளோ நேரம் ஆகும் சார்'னு ஒரே பாட்டு. நாளைக்கு நான் லிஸ்ட் குடுக்கணும்."

"எனக்குத் தெரிஞ்சுடுச்சு!" ஷரீஃபா துள்ளினாள். "கால் விரல்ல சைகை!"

"ஷூ போட்டிருந்தேன் அக்கா" என்றான் ஃபைஸ், கடிகாரத்தைப் பார்த்தபடி. "உதயா, 6.40 போயிடும்."

உதயா தலையாட்டினாள். அவள் செல்போன் உறைக்குள் சீசன் டிக்கெட் தெரிந்தது.

"மத்த பிள்ளைங்க எப்படி வராங்க?" என்று நிதானமாகக் கேட்டார் காந்திமதி.

"எங்க வேன்ல. பல்லாவரம் பக்கம் மட்டும் வேன் கிடையாது."

"நீங்க?"

"இரும்புலியூர்லேருந்து பைக்."

காந்திமதி உதயாவைச் சமையலறைக்கும் ஃபைஸை பால்கனிக்கும் அனுப்பினார். இருவருக்கும் ஷரீஃபா ஒரே கணக்கை எடுத்துப்போனாள்: தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை நாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள், வேகம் மணிக்கு இருபத்துநாலு, எத்தனை நிமிடம்?

"இதுவும் பத்துதான்" என்றார் ஹேமநாத்.

"பத்தரை வரும், பாருங்க" என்றார் காந்திமதி.

இரண்டு சீட்டும் வந்தன. இரண்டிலும் பத்தரை.

ஹேமநாத் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"நீங்க பைக்ல பறக்கறீங்க சார். இவங்க தினமும் ரயில்ல வராங்க. பல்லாவரத்துக்கு முன்னாடி சானடோரியம், குரோம்பேட்டை, ரெண்டு இடத்தில் நிக்கும். நின்னா அரை அரை நிமிஷம். குரோம்பேட்டைக்குப் போனா சானடோரியத்தில் மட்டும் நிக்கும், அதனால அரை. காப்பி அடிச்சிருந்தா, சமையலறையும் பால்கனியும் எப்படி ஒண்ணா எழுதும்? சரி, ரயில் வழியில நிக்காதுன்னு உங்க கேள்வியில் எங்கே இருக்கு?"

ஹேமநாத் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. பேனாவை எடுத்து இரண்டு விடைத்தாளிலும் பதினொன்றுக்குப் பக்கத்தில் பெரிதாக டிக் போட்டார். உதயா அம்மாவின் தோளில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

"அந்த முப்பத்தெட்டும் சானடோரியத்துல எறங்கணும்னா ஓடுற வண்டிலேந்தா குதிக்கும்?" என்றாள் முத்தாலம்மாள். ஃபைஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஷரீஃபா டம்ளரை ஹேமநாத் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு வாய் குடித்த ஹேமநாத், "ஸ்ஸ்!" என்று நாக்கை நீட்டினார்.

"ஒத்துக்கறேங்க" என்றார், கண்ணில் தண்ணீரோடு. "இன்னும் ஆறலை."